டபுள் கெப் பெட்டில் ஃபிஃப்த் வீல் ஹிட்ச்: சிறிய கிச்சன் டிரெய்லருக்கு எது சரிவரும்?

கிராண்ட்பாஸ்_கேட்டரிங் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண வீட்டுச் சமையலுக்கும் கண்காட்சி ஸ்டோலுக்கும் கொண்டுபோகிற மாதிரி ஒரு கிச்சன் டிரெய்லர் வத்தளைப் பக்கம் பட்டறை ஒன்றில் செய்யக் கொடுத்திருக்கு. படம் ஃபிஃப்த் வீல் முறையில் (டிரெய்லரின் முன்பகுதி, இழுக்கும் வாகனத்துக்கு மேலேயே ஹிட்ச் என்ற தட்டில் பூட்டும் முறை) கீறியது. மூக்கு கெப்பின் பெட்டுக்கு (பின்னால் சாமான் ஏற்றும் இடம்) மேலே வரும், கீழே 2 அங்குல கிங்பின், ஹிட்ச்சின் தாடைக்குள் பூட்டும் இரும்பு முளை. சேசியும் இரண்டு ஆக்ஸிலும் முடிந்துவிட்டது, மூக்கு இன்னும் வெல்ட் பிடிக்கவில்லை. மாற்றுவதென்றால் இப்போதே மாற்றலாம்.

டிரெய்லர்: பெட்டி நீளம் 4,200 மி.மீ., அகலம் 1,900. பெட்டியின் கீழ் முன்சுவரிலிருந்து ஆக்ஸில் இரண்டின் நடு வரை 2,750. படத்தில் கிங்பின்னுக்கு முன்னால் மூக்கு இன்னும் 400 நீளுது. சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றினால் 1,900 கிலோ வரும் என்று கணக்கு.

வாகனம்: ஒரு டன் வகை டபுள் கெப், ஃபோர் வீல், சக்கர இடைத்தூரம் 3,085. பெட் உள்நீளம் 1,520. பின் ஆக்ஸில் நடுவிலிருந்து கெப்பின் பின்சுவர் (ஆட்கள் இருக்கும் அறையின் பின்பக்கம்) வரை அளந்தால் 500தான். எரிபொருள் டேங்க் நிரப்பி வேபிரிட்ஜில் (வாகனம் நிறுக்கும் மேடை) ஏற்றினோம்: முன் 1,170, பின் 910, மொத்தம் 2,080 கிலோ. பிளேட்டில் மொத்த எடை எல்லை 3,000, பின் ஆக்ஸில் எல்லை 1,700. டிரெய்லர் இழுக்கும் நாளில் நான்கு பேர் போவோம்.

நிலையான ஹிட்ச், முன்பின் நகரும் ஸ்லைடர், கூஸ்நெக் பந்து (பெட்டின் நடுவில் நிற்கும் இரும்புப் பந்து, டிரெய்லரின் கழுத்து மேலேயிருந்து இறங்கி அதைப் பிடிக்கும்), இந்த மூன்றில் எது? பஞ்சிகாவத்தையில் ஒருவர் பிரைம் மூவரில் (கொள்கலன் டிரெய்லர் இழுக்கும் லொறி) கழற்றிய பழைய ஃபிஃப்த் வீல் தட்டு தருகிறேன் என்கிறார், வலுவானது, மலிவு. கிழமை நாட்களில் பெட்டில் அரிசி மூட்டை, கிடாரம் ஏற்றுவதால் ஹிட்ச் கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது.


மட்டக்குளி_லேத் எழுதியது:

ஹிட்ச் விலை கேட்கிறதை இப்போதைக்கு நிறுத்துங்க. உங்கள் கேள்விக்கு விடை அந்த 500 மி.மீ.யில் இருக்கு.

கிங்பின்னிலிருந்து மூக்கின் முன்சுவர் 400, அகலத்தில் பாதி 950. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,031. கிங்பின்னிலிருந்து மூக்கின் மூலைக்கு உள்ள தூரம் அது. டிரெய்லர் ஏறத்தாழ 67 பாகை மடியும்போது அந்த மூலை நேராகக் கெப்பைப் பார்த்து நிற்கும். மேடு பள்ளத்தில் மூக்கு முன்னுக்குச் சாயும், அதற்கு ஒரு 80 சேருங்க. ஆக, கிங்பின்னுக்கும் கெப் சுவருக்கும் நடுவில் 1,110 மி.மீ. வேணும். உங்களிடம் 500. நேராக ஓடும்போது 100 மி.மீ. இடைவெளி தெரியும், பட்டறைக்காரருக்கும் படம் சரியாகத்தான் பட்டிருக்கும். ஆனால் 6, 7 பாகை திரும்பினாலே மூக்கு கெப்பின் மூலையில் இடிக்கும். லேன் மாறலாம், கிராண்ட்பாஸ் ஒழுங்கைக்குள் திரும்ப முடியாது.

ஸ்லைடர் போட்டால்? சாதாரண ஸ்லைடர் 250 முதல் 300 மி.மீ. வரை பின்னுக்கு வரும். 500உம் 300உம் 800. இன்னும் 310 குறையுது. அமெரிக்க வீடியோக்களில் ஸ்லைடர் வேலை செய்வது ஏனென்றால் அங்கே பெட் நீளம், ஆக்ஸிலுக்கும் கெப்புக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு மீற்றர் அளவு இடம் இருக்கும். நம்ம ஒரு டன் டபுள் கெப் எல்லாவற்றிலும் பின்சீட்டுக்காகக் கெப் நீண்டுபோய் ஆக்ஸில் பெட்டின் முன் மூன்றில் ஒன்றுக்குள் வந்துவிடுது. அதே வாகனத்தின் சிங்கிள் கெப் என்றால் பெட் நீளம், இந்த மூக்கு அப்படியே திரும்பும்.

கிங்பின்னைப் பின்னுக்குத் தள்ளி வைக்கலாமா என்று பட்டறையில் கட்டாயம் கேட்பார்கள். 600 மி.மீ. தள்ளினால் திரும்பும், உண்மை. எடைக் கணக்கிலும் பெரிய நட்டம் இல்லை, கிங்பின்னில் 380 கிலோ (1,900இல் ஐந்தில் ஒன்று) வந்தால் முன் ஆக்ஸிலில் 74 கிலோதான் குறையும். சிக்கல் பக்கவாட்டு விசையில். கடுகண்ணாவ மாதிரி இறக்கத்தில் வளைவுக்குள் பிரேக் அடிக்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். அந்தத் தள்ளல் ஆக்ஸிலுக்கு மேலே விழுந்தால் டயர் நேரடியாகத் தாங்கும். ஆக்ஸிலுக்குப் பின்னால் விழுந்தால் கெப்பின் வாலையே பக்கத்துக்குத் திருப்பும். ஃபிஃப்த் வீல் எடுப்பதே இந்தத் தொல்லை வேண்டாமென்றுதான். அதனால் கிங்பின் இருக்க வேண்டிய இடம் ஆக்ஸில் நடுவுக்கு நேர் மேலே, அல்லது அதற்கு 50 மி.மீ. முன்னே. பின்னே வேண்டாம்.

மிச்சமிருக்கும் வழி மூக்கை மாற்றுவது. அகலமான மூக்கை விட்டுவிட்டு ஒடுக்கமான கழுத்து ஒன்றைக் கொண்டுவாங்க, நுனியில் கூஸ்நெக் கப்ளர் (பந்தைப் பிடிக்கும் பூட்டு), பெட்டில் கிங்பின்னுக்குச் சொன்ன அதே இடத்தில் 2 5/16 அங்குலப் பந்து (58.7 மி.மீ.). கழுத்தின் நுனி பந்தைச் சுற்றி 420 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால் கெப்பில் எந்தக் கோணத்திலும் படாது.

பெட்டி எங்கே தொடங்கவேணும் என்பதற்கும் கணக்கு உண்டு. உங்கள் பெட்டின் பின்விளிம்பு பந்திலிருந்து 1,020. பின்கதவும் பம்பரும் சேர்த்தால் ஏறத்தாழ 1,170. வாகனத்தின் பாதி அகலம் 870 என்று வைத்தால், பின்மூலைக்குப் பந்திலிருந்து 1,458. அதோடு 90 சேர்த்து, பெட்டியின் முன்சுவரைப் பந்திலிருந்து 1,550இல் வையுங்க. பம்பர் அகலத்தை நீங்களே அளந்து எண்ணைத் திருத்துங்க. இது பெட் சுவரின் உயரத்துக்குக் கீழே வரும் சுவருக்கு. மேலே வரும் பகுதியை முன்னுக்கு நீட்ட ஆசைப்படுவார்கள், விடாதீங்க, முழு மடிப்பில் அதுவும் கெப்புக்குள் வரும்.

கழுத்தின் அடிப்பக்கம் பெட் சுவருக்கு மேலே குறைந்தது 150 மி.மீ. நிற்கவேணும். அந்த 150 எதுவரை காப்பாற்றும் என்றால், பந்திலிருந்து 1,170 தூரத்தில் 7 பாகை சாய்வு, எட்டுக்கு ஒன்று என்ற சரிவு. கொழும்பில் பல மண்டபங்களின் பேஸ்மண்ட் ரேம்ப் அதைவிடச் செங்குத்து. அங்கே பின்கதவின் மேல்விளிம்புதான் முதலில் நசுங்கும். டிரெய்லரை மேலே தெருவிலேயே நிறுத்துங்க.

கழுத்துக்கு என்ன பார் போடுவது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். 380 கிலோ, 1.55 மீற்றர் தூரத்தில்: சும்மா நிற்கும்போதே 5.8 கிலோநியூட்டன் மீற்றர். குழியில் விழுந்து எழும்பும்போது மும்மடங்கு என்று எடுத்தால் 17க்கு மேல். 100×100×5 பொக்ஸ் பார் ஒன்றை மட்டும் போட்டால் வேரில் 310 மெகாபாஸ்கல் வரும், மைல்ட் ஸ்டீல் 250இலேயே வளையும். அதே பாரில் இரண்டு, 400 மி.மீ. இடைவெளியில், பாதியாகும். வேரில் 8 மி.மீ. கசெட் பிளேட் (மூட்டை வலுவாக்கும் தகடு), வெல்ட் பாரின் குறுக்கே ஓடாமல் நீளவாக்கில் ஓடவேணும். குறுக்கு வெல்ட் நுனியில்தான் வெடிப்பு தொடங்கும்.


ஒருகொடவத்தை_லோட் எழுதியது:

பிரைம் மூவர் தட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிங்பின் அளவு ஒத்துப்போகும், கொள்கலன் டிரெய்லரிலும் அதே 2 அங்குலம்தான். ஒத்துப்போவது அது ஒன்றுதான்.

அந்த வார்ப்புத் தட்டு தாங்கியோடு சேர்த்து 100 கிலோவை நன்றாகவே தாண்டும், இரண்டு பேர் தூக்கி இறக்கும் சாமான் இல்லை. சனிக்கிழமை கல்யாணம் முடிந்து திங்கட்கிழமை அரிசி ஏற்ற நீங்கள் அதைக் கழற்றப்போவதில்லை, அப்படியே கிடக்கும். அடுத்தது, அது பல டன் எடை மேலே அழுத்தி உட்காருவதற்குச் செய்தது. 380 கிலோ வந்தால் தாடைக்குள் விளையாட்டு அதிகம், ஒவ்வொரு பிரேக்குக்கும் டங் என்று முன்பின் அடிக்கும். அந்த அடி போல்ட்டைத் தளர்த்தும், பெட் தகட்டைக் கிழிக்கும். மூன்றாவது, பெரும்பாலானவை முன்பின் மட்டும் சாயும், பக்கத்துக்குச் சாயாது. ஒரு பக்கச் சில்லு நடைபாதையில் ஏறினால் முறுக்கு முழுவதும் உங்கள் சேசிக்குப் போகும். சிறிய வாகனத்துக்கான ஹிட்ச் நான்கு பக்கமும் சாயும்.

தேய்ந்த தாடையை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. விடுங்கள்.


சேசி_லைன் எழுதியது:

எல்லோரும் பெட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். 1,900 கிலோவுக்கு சாதாரண டோ பாரே போதுமே? பம்பருக்குப் பின்னால் 50 மி.மீ. பந்து, பெட் எப்போதும் காலி. பந்தில் விழும் எடை 10 சதவீதம், 190 கிலோ. ஃபிஃப்த் வீல் என்றால் 20 சதவீதம், 380. வாகனத்தின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கை டிரெய்லரின் மூக்கே தின்றுவிடும்.

டோ பார் போட்டால் ஒன்று கவனம்: பந்தும் கப்ளரும் ஒரே அளவா என்று முத்திரையைப் பாருங்கள். 50 மி.மீ.யும் 2 அங்குலமும் (50.8) கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 50 கப்ளர் 50.8 பந்தில் முழுசாக இறங்காது, பூட்டின மாதிரித் தெரிந்து கழன்று வரும்.

எதைப் போட்டாலும் டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேணும். சேசியில் மாற்றம் செய்யும் முன் படத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு, நாரஹேன்பிட்டிக்கோ வேரஹரவுக்கோ, போய்க் கேளுங்கள். ஓட்டுநர் உரிமத்தின் வகுப்பு இந்த டிரெய்லருக்குப் பொருந்துமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். காப்புறுதிக்காரரிடமும் டிரெய்லர் இழுப்பதைச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.


மட்டக்குளி_லேத் எழுதியது:

சேசி_லைன் சொல்வது புதிதாக டிரெய்லர் செய்பவருக்கு நல்ல யோசனை. ஆனால் இவருடைய ஆக்ஸில் ஏற்கெனவே ஃபிஃப்த் வீலுக்காகப் பின்னுக்கு வைத்து முடிந்துவிட்டது. பெட்டியின் நடு 2,100, ஆக்ஸில் 2,750. சாமான் சமமாகப் பரவியிருக்கு என்று வைத்தாலும் எடையின் நடு ஆக்ஸிலுக்கு 650 முன்னே. டோ பாருக்கு 1,300 நீளத்தில் இழுகம்பி போட்டால் 650ஐ 4,050ஆல் வகுங்க: 16 சதவீதம், 305 கிலோ. 190 இல்லை. அதுவும் பின் ஆக்ஸிலுக்கு ஏறத்தாழ 1,250 பின்னால் தொங்கும். முன் ஆக்ஸிலிலிருந்து 124 கிலோவைத் தூக்கும், பின் ஆக்ஸிலில் 429ஐப் போடும். பெட்டில் 380 வைப்பதோடு பெரிய வித்தியாசம் இல்லாமல், ஸ்டீரிங் இலேசாகி, சேசியின் வாலும் தொங்கும். 10 சதவீதம் வேணுமென்றால் ஆக்ஸிலை 270 மி.மீ. முன்னுக்கு வெட்டி ஒட்டவேணும். அதுக்குச் செலவழிக்கத் தயார் என்றால் டோ பார் நல்லது.

கூஸ்நெக் கணக்கு: பந்திலிருந்து டிரெய்லர் ஆக்ஸில் 1,550உம் 2,750உம் சேர்ந்து 4,300. சமமாகப் பரவினால் 15 சதவீதம். கழுத்தின் எடை, முன்னால் வைக்கும் ஜெனரேட்டர், தண்ணீர் டேங்க் சேர்ந்து 20க்கு ஏறும். 15க்குக் கீழே விடாதீங்க, 25க்கு மேலே போகாதீங்க.

வாகனம்: 2,080, ஆட்கள் நான்கு பேர் 280, பந்து எடை 380, பந்தும் தாங்கியும் 90 என்று கூட்டியே வைப்போம். 2,830. மிச்சம் 170 கிலோ. பின் ஆக்ஸிலில் 910, ஆட்களில் பாதி 140, 380, 90: 1,520. எல்லை 1,700. சரிவருது, ஆனால் அன்றைக்குப் பெட்டில் அரிசி மூட்டை கிடையாது.


வெள்ளவத்தை_வயர்மன் எழுதியது:

பிரேக்கைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. தம்பி, கப்ளர் அமுங்கி ரெய்லர் பிரேக் பிடிக்கிற வகை இருக்கெல்லோ, படகு ரெய்லரில வாறது, அதை மனசில வைச்சுக்கொண்டு கூஸ்நெக்குக்குப் போகாதேங்கோ. நேராக் கீழ இறங்கிப் பந்தைப் பிடிக்கிற சாதாரண கூஸ்நெக் கப்ளருக்கு முன்பின் அமுங்கிற பாகம் இல்லை. 12 வோல்ட் எலெக்ரிக் பிரேக் போடுங்கோ, நாலு சில்லுக்கும்.

10 அங்குல ட்ரம் எண்டால் உள்ள பிரேக்கை இயக்கிற ஒரு மக்னெற் 3 முதல் 4 அம்பியர் இழுக்கும். நாலுக்கும் 12 முதல் 16. பற்றரியிலயிருந்து கன்ட்ரோலருக்கும் (ரெய்லர் பிரேக்குக்குக் கரண்டை அளந்து விடுற பெட்டி) அங்கயிருந்து பின் சொக்கெற்றுக்கும் 6 சதுர மி.மீ. வயர், பற்றரிக்குப் பக்கத்தில 30 அம்பியர் பிரேக்கர். மெல்லிய வயர் போட்டால் சொக்கெற்றில 12.5 காட்டும், மக்னெற்றில 9தான் நிக்கும். பிரேக் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். ஏர்த்தை ரெய்லர் சேசியில விட்டிட்டு பந்து வழியா வரும் எண்டு நினைக்காதேங்கோ, கிறீஸ் பூசின பந்து கரண்ட் கடத்தாது. ஏர்த்துக்கும் தனி 6 மி.மீ. வயர்.

கன்ட்ரோலர் வாங்கேக்க கெப் பிரேக் பிடிக்கிற அளவை உணர்ந்து ரெய்லருக்குக் குடுக்கிற வகையா வாங்குங்கோ. நேரம் போகப் போகக் கூட்டிக்கொண்டு போற மலிவு வகை கொழும்புச் சனநெரிசலுக்குச் சரிவராது. செற் பண்ணுறது: காய்ஞ்ச, வெறும் ரோட்டில 35 கிலோமீற்றர் வேகத்தில, கையால இழுக்கிற நெம்பை மட்டும் முழுசாப் பிடியுங்கோ. ரெய்லர் சில்லு உருளாமல் தேயிற வரைக்கும் கூட்டி, பிறகு தேயாத அளவுக்குக் கொஞ்சம் குறையுங்கோ. வெறும் ரெய்லருக்கு ஒரு எண், ஏத்தினதுக்கு ஒரு எண், ரெண்டையும் டாஷ்போர்டில எழுதி ஒட்டுங்கோ.

கழண்டால் தானாப் பிடிக்கிற சுவிச்சும் சின்ன 12 வோல்ட் பற்றரியும் கட்டாயம். அந்தச் சுவிச்சின்ர கேபிளை வாகனச் சேசியில கட்டவேணும். பந்தின்ர தாங்கியில கட்டினால், தாங்கியே பிடுங்குப்படேக்க கேபிளும் சேந்து போகும், சுவிச் இழுபடாது. பாதுகாப்புச் சங்கிலி ரெண்டையும் அப்பிடித்தான், சேசியில பிடிச்ச பிளேட்டில மாட்டோணும், பெட் தகட்டில இல்லை.

இன்னொண்டு. கனபேர் ரெய்லர் இழுக்கப்போறம் எண்டு பின்னுக்கு ஒரு லீஃப் (வில்லுத் தகடு) கூட்டிவிடுவினம். சில கெப்பில பின் பிரேக்குக்கு சுமை உணரும் வால்வு இருக்கு, ஆக்ஸிலுக்கும் சேசிக்கும் நடுவில ஒரு கம்பி போகும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கு எண்டு பாத்துத்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். லீஃப் கூட்டினால் ஏத்தினாலும் இறங்காது. வால்வு வெறும் வாகனம் எண்டு நினைச்சுப் பின் பிரேக்கைக் குறைச்சுப்போடும். லீஃப் கூட்டினால் அந்த வால்வையும் செற் பண்ணிக்கொள்ளுங்கோ.


கிராண்ட்பாஸ்_கேட்டரிங் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டிரெய்லர் போகும் நாளில் கிடாரம், சட்டி எல்லாம் அதற்குள்ளேயே போகும், அரிசி மண்டபத்துக்கு நேராக வேறு வண்டியில் வரும். ஆகவே 170 கிலோ மிச்சம் போதும். ஆக்ஸிலை வெட்ட விருப்பம் இல்லை. கழுத்தும் கூஸ்நெக் பந்தும் என்று பட்டறையில் சொல்லியாச்சு.

இரண்டு கேள்வி. பட்டறையில் கிங்பின் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள், அதில் மாட்டும் கூஸ்நெக் அடாப்டர் கிடைக்குதாம், அதைப் போட்டு முடிக்கலாமா? பந்தின் தாங்கியைப் பெட்டுக்கு மேலே பூட்டுவதா, கீழே பூட்டுவதா?


மட்டக்குளி_லேத் எழுதியது:

அடாப்டர் வேண்டாம். கிங்பின்னுக்கு என்று செய்த தளத்திலிருந்து அது பிடிமானத்தை 400 மி.மீ. அளவு கீழே இறக்கும். 1,900 கிலோ டிரெய்லர் மிதமாக பிரேக் பிடித்தால்கூட 5.6 கிலோநியூட்டன் வரும், அதை 400 மி.மீ. நெம்பால் பெருக்கினால் 2.2 கிலோநியூட்டன் மீற்றர், ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னும் பின்னும். டிரெய்லர் சேசி செய்யும் நிறுவனங்கள் பல இந்த அடாப்டர் போட்டால் உத்தரவாதம் இல்லை என்று எழுதியே வைப்பது அதற்காகத்தான். உங்களுடைய கழுத்து புதிதாகச் செய்வது. கப்ளர் குழாயைக் கழுத்தின் இரண்டு பாருக்கும் நடுவில் நேராக வைத்து, முன்னும் பின்னும் கசெட் கொடுத்து வெல்ட் பிடிக்கச் சொல்லுங்க. உயரம் கூட்டிக் குறைக்கும் குழாயாக இருக்கட்டும், டிரெய்லர் மட்டமாக நிற்காவிட்டால் இரண்டு ஆக்ஸிலில் ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கும். கிங்பின்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்க.

தாங்கியைக் கீழே பூட்டுங்க. பெட்டில் 100 மி.மீ.க்குள் ஒரு துளை மட்டும், பந்தைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே விடும் வகை. கிழமை நாளில் பெட் மட்டமாக இருக்கும், மூட்டை இழுக்கலாம். அமெரிக்காவிலிருந்து வரும் ரெயில், பிராக்கெட் செட்டுகள் அங்கத்தைய பெரிய பிக்கப்புக்கு அளவெடுத்தவை, நம்ம சேசியில் உட்காராது. உள்ளூரில்தான் செய்யவேணும்.

பட்டறையில் வேலை தொடங்கும் முன் வாகனத்தை ஜாக்கில் ஏற்றி, சேசியைத் தாங்கி, ஆக்ஸிலை பம்ப் ஸ்டொப்பில் (ஆக்ஸில் மேலே வந்து முட்டும் ரப்பர்) முட்டும்வரை மேலே தூக்கச் சொல்லுங்க. டிஃபரன்ஷல் (பின் ஆக்ஸில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) எவ்வளவு மேலே வருது என்று அப்போதுதான் தெரியும். குறுக்குப் பிளேட்டின் அடிக்கும் டிஃபரன்ஷலுக்கும் நடுவில் அந்த நிலையிலும் 25 மி.மீ. இருக்கவேணும். இடம் போதாவிட்டால் கீழே பூட்டும் எண்ணத்தை விட்டு மேலே பூட்டும் சட்டத்துக்குப் போங்க, வளைத்து நெளித்துச் சமாளிக்காதீங்க. பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், வயர்மன் சொன்ன அந்த வால்வின் கம்பி, எரிபொருள் பைப் எல்லாம் அந்த இடத்தில்தான் ஓடுது. மேலேயிருந்து ட்ரில் விடும் முன் கீழே ஒரு ஆள் பார்த்துச் சொல்லவேணும்.

குறுக்குப் பிளேட் 12 மி.மீ. தடிப்பு, இரண்டு சேசிப் பாருக்கும் குறுக்கே. ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. பிராக்கெட், சேசியின் நிற்கும் முகத்தில் நான்கு 12 மி.மீ. போல்ட், 8.8 தரம், நைலொக் நட். சேசியின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ துளை போடக்கூடாது, வளையும் விசை முழுக்க அந்த விளிம்பில்தான் ஓடுது. வெல்டும் வேண்டாம், சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் பிறகு வெடிக்கும். பழைய துளைகள் இருந்தால் முதலில் அவற்றைப் பாவியுங்க. சேசிப் பார் பொக்ஸ் வடிவம் என்பதால் ஊடாகப் போகும் போல்ட்டுக்கு உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைக்கவேணும். இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பார் உள்ளுக்கு நசுங்கும், ஒரு மாதத்தில் போல்ட் தளரும். டோர்க் ரெஞ்சில் 80 நியூட்டன் மீற்றர். துளை போட்ட இடம் எல்லாவற்றுக்கும் வெறும் உலோகம் தெரியாமல் அன்டிகொரசிவ் (துருத்தடுப்புப் பெயின்ட்) பூசிவிட்டுப் பூட்டுங்க, கடல் காற்று ஒரு மழைக்காலத்தில் அந்தத் துளையைச் சுற்றித்தான் தொடங்கும்.

மேலே பூட்ட நேர்ந்தால் ஒன்று மட்டும்: பெட் தகடு ஒரு மி.மீ. அளவுதான், அதுவும் நெளி நெளியாக. தாங்கியின் கால் அந்த நெளிவில் உட்காரக்கூடாது. தகட்டுக்கும் சேசிக்கும் நடுவில் இரும்புக் குழாய்த் துண்டு வைத்து, எடை போல்ட் வழியாக நேராகச் சேசிக்கு இறங்கவேணும்.

தண்ணீர் டேங்கை எங்கே வைப்பது என்பதையும் இப்போதே தீர்மானியுங்க. 200 லீற்றர் டேங்கை ஆக்ஸிலுக்கு ஒரு மீற்றர் முன்னே வைத்தால் பந்தில் 46 கிலோ கூடும், 800 மி.மீ. பின்னே வைத்தால் 37 குறையும். சமையல் முடிந்து தண்ணீர் காலியானதும் டிரெய்லர் வேறு டிரெய்லர். ஆக்ஸிலுக்கு நேர் மேலே வைத்தால் நிரம்பினாலும் காலியானாலும் பந்து எடை மாறாது, அதுதான் நல்ல இடம். பந்தில் எடை குறைந்தால் ஜெனரேட்டரை முன்னுக்குத் தள்ளிச் சரிசெய்யலாம், அதன் எடை மாறாது. கழிவுத் தண்ணீர் டேங்க் நிரம்பியபடி கிளம்பவேண்டாம், அது பெரும்பாலும் பின்னால்தான் மாட்டுவார்கள்.

முடிந்த பிறகு மறுபடி வேபிரிட்ஜ். எரிபொருள் டேங்க் நிரம்பிய வாகனத்தைத் தனியே ஏற்றி முன், பின் எழுதுங்க. டிரெய்லரைப் பூட்டி, வாகனத்தின் நான்கு சில்லு மட்டும் மேடையில் நிற்கும்படி ஏற்றி மறுபடி எழுதுங்க. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பந்து எடை. இரண்டு தடவையும் உள்ளே அதே ஆட்கள், அல்லது ஒருவரும் இல்லை. பெரிய மேடைகள் 10 அல்லது 20 கிலோ படியில் காட்டும், 370க்கும் 390க்கும் சண்டை பிடிக்காதீங்க. 285க்குக் (15 சதவீதம்) கீழே வந்தாலோ 475க்கு (25 சதவீதம்) மேலே போனாலோ சாமானை நகர்த்துங்க.

முதல் 80 கிலோமீற்றருக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி டோர்க் பாருங்க, பந்தின் பூட்டுப் பின் முழுசாக விழுந்திருக்கா என்பதை ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துப் பாருங்க. பூட்டியதும் டிரெய்லர் ஜாக்கை ஒரு அங்குலம் மேலே தூக்குங்க, கப்ளர் பந்தை விட்டு எழும்பாமல் கெப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கு என்று அர்த்தம். பந்தில் கிறீஸ் மெல்லிசாக, மூட்டை ஏற்றும் முன் துடைத்துவிடுங்க.


கிராண்ட்பாஸ்_கேட்டரிங் எழுதியது:

பம்பரோடு அளந்தேன், பின்மூலை பந்திலிருந்து 1,480 வருது. முன்சுவரை 1,570இல் வைக்கச் சொல்லிவிட்டேன். தண்ணீர் டேங்க் ஆக்ஸிலுக்கு மேலே. வேபிரிட்ஜ் எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.